ஆள் பறக்கட்டும், சரக்கு கப்பலில் வரட்டும்

"வாப்பா, ஒண்டேகால் மணித்தியாலம்தானே? போய் ரெண்டு நாள்ல வந்திருவன்."

சென்ற கிழமை இஷாத் தொழுகை முடிந்து கடையைப் பூட்டும் வேளையில் என் மகன் சொன்ன வார்த்தை இது. பெருநாள் சீசனுக்கு முன் சென்னைக்குப் போய், ஆறேழு பெட்டி நிறைய சாரியும் சல்வாரும் அள்ளிக்கொண்டு வரவேண்டும் என்பது அவனது திட்டம். கூடப் போக இரண்டு கூட்டாளிமாரும் தயார். டிக்கெட்டும் விலை பார்த்தாகிவிட்டது.

நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் என் பழைய கணக்குக் கொப்பியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அன்றிரவு அவனுக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் வியாபார சகோதரர்களாகிய உங்களுக்கும் சொல்லப் போகிறேன். ஏனெனில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் புடவைக் கடை வைத்திருக்கும் அநேகமானோர் வீட்டில் இந்தப் பேச்சு வருடத்துக்கு ஒரு தடவையாவது நடக்கிறது.

கடிகாரம் சொல்லும் கணக்கு

கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ 650 கிலோமீற்றர். மகன் சொன்னது போல ஒன்றேகால், மிஞ்சினால் ஒன்றரை மணித்தியாலம். இரண்டு ஊருக்கும் நேரமும் ஒன்று, கடிகாரத்தைத் திருப்பவும் வேண்டியதில்லை. இதில் பிழை ஏதுமில்லை.

ஆனால் நாம் கட்டுநாயக்கவில் குடியிருக்கவில்லையே! காத்தான்குடியில் பின்நேரம் 4 மணிக்கு வேன் ஏறினால் வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 300 கிலோமீற்றர் அளவில் ஓடி விமான நிலையத்தை அடைய இரவு 11 மணியைத் தாண்டும். மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்கவேண்டும். விடியச் சாமம் விமானம். சென்னையில் இறங்கி, குடிவரவில் வரிசை நின்று, பெட்டி எடுத்து, மீனம்பாக்கத்திலிருந்து மண்ணடிக்குப் போய் லொட்ஜில் குளித்து வெளிக்கிட காலை 8 மணி. ஆகமொத்தம் 16 மணித்தியாலம். அதில் வானத்தில் இருந்தது நூற்றுக்கு எட்டுப் பங்குகூட வராது. மிச்சமெல்லாம் றோட்டும் வரிசையுந்தான்.

திரும்பி வரவும் இதே 16 மணித்தியாலம். இடையில் சௌகார்பேட்டை, கோடவுன் தெரு என்று இரண்டு நாள் அலைச்சல். வந்த மறுநாள் உடம்பு எழும்பாது. இரண்டு நாள் என்று போனவன் ஐந்து நாள் கடையில் இல்லை. அந்த ஐந்து நாளும் கல்லாவில் யார் இருந்தார், வந்த வாடிக்கையாளர் எத்தனை பேர் பக்கத்துக் கடைக்குப் போனார் என்பதை நம்மில் யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? டிக்கெட் விலையை எழுதுகிறோம். நம்முடைய நாட்களின் விலையை எழுதுவதில்லை.

பெட்டி சொல்லும் கணக்கு

அடுத்தது எடை. ஒரு சாரி அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோப் பெட்டியில் 60 சாரி. அதற்கு மேல் போனால் கிலோவுக்குத் தனிக் காசு. இந்த 60 சாரியின் லாபத்திலிருந்துதான் டிக்கெட், விசா, வேன் கூலி, லொட்ஜ் வாடகை, சாப்பாடு, ஓட்டோக் காசு எல்லாம் கழிய வேண்டும். விமானக் கட்டணத்தில் ஒரு பங்கு வரியும் விமான நிலையக் கட்டணமும். நீங்கள் லண்டனுக்குப் பறந்தாலும் சென்னைக்குப் பறந்தாலும் இவற்றில் சில மாறாது. ஆகவே தூரம் குறையக் குறைய, டிக்கெட்டில் பயணத்துக்கு என்று நாம் கொடுப்பது குறைந்து, வரிக்கு என்று கொடுப்பது பெரிதாகத் தெரியும். குறுந்தூர விமானம் எப்போதும் மலிவாக இருக்கும் என்று நினைப்பது தவறு.

இதையெல்லாம் தாண்டி லாபம் காட்டியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் காட்டினேன். எப்படிக் காட்டினேன் என்பதையும் சொல்லவேண்டும்.

2017 நோன்புக்கு முன், நானும் மருமகனும் சென்னையிலிருந்து ஆறு பெட்டியோடு வந்திறங்கினோம். எல்லாம் 'சொந்தப் பாவனைக்கு' என்ற நினைப்பில்தான் வெளிக்கிட்டோம். மறித்தார்கள். பெட்டிகளைத் திறந்தார்கள். ஓர் இளம் அதிகாரி, என் மகன் வயதிருக்கும், மரியாதையாகத்தான் கேட்டார்: "இந்த 140 சாரியும் உங்கட வீட்டுக்கா ஐயா?"

எனக்கு வாய் வரவில்லை. ஆம் என்றால் பொய். இல்லை என்றால் குற்றம். தலைநரைத்த மனிதன், ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்லுகிறவன், ஒரு மேசைக்கு முன்னால் தலை குனிந்து நின்றேன். மருமகன் என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. சரக்கும் போனது, தண்டமும் கட்டினேன். அந்தப் பெருநாளைக்குக் கடையின் முன் றாக்கை பழைய சரக்கால்தான் நிரப்பினேன்.

இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு இடமில்லை. சுங்கச் சலுகை என்பது பயணி தன் பாவனைக்குக் கொண்டுவரும் பொருளுக்கு மட்டுமே உரியது. வியாபார அளவில் கொண்டுவந்தால் அது இறக்குமதி. பிழை முழுக்க என்னுடையது. கொப்பியில் அந்தப் பக்கத்தைத்தான் மகனுக்குக் காட்டினேன். அதற்கு முன் மூன்று வருடம் பெட்டியில் கொண்டுவந்து உழைத்த லாபம் அந்த ஓர் இரவில் சரிக்குச் சரியானது.

வாப்பாவின் காலம்

நம் மூத்தவர்கள் இந்தியாவுக்குப் போகவில்லையா என்று கேட்கலாம். போனார்கள். என் வாப்பா மட்டக்களப்பில் றெயில் ஏறி, மாகோவில் மாறி, தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடிக்குக் கடந்தவர். 1914 இல் தொடங்கிய அந்தக் கப்பல் சேவை 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை நடந்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. யுத்தம் அதையும் நிறுத்தியது.

ஆகாய வழியும் புதிதல்ல. எயார் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 இல் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கி, பின் மதராசுக்குத்தான் பறந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சென்னைக்கு விமானம் இருந்தது என்று பாருங்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்து வியாபாரி போனது பார்க்க, பேச, தெரிவு செய்ய, கணக்குத் தீர்க்க. சரக்கு அவரோடு ஒரே பெட்டியில் வரவில்லை. அது கப்பலில், பத்திரத்தோடு, புறக்கோட்டைக்கு வந்தது. ஆளும் சரக்கும் தனித்தனியே பயணம் செய்தன. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு, 1979 இல் எயார் லங்கா பறக்கத் தொடங்கிய பிறகுதான் தலையில் சரக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும் வழக்கம் நமக்குப் பெருகியது. யுத்த காலத்தில் புனாணையிலும் வெலிக்கந்தையிலும் லொறியிலிருந்த சரக்கை இறக்கி ஏற்றிக் களைத்த நமக்கு, கையோடு கொண்டுவருவதே பாதுகாப்பு என்று பட்டது. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. யுத்தம் 2009 இல் முடிந்துவிட்டது. வழக்கம் மட்டும் முடியவில்லை.

நமக்கும் ஒரு விமான நிலையம்

இந்த இடத்தில் வாசகர்கள் கேட்பீர்கள்: "மட்டக்களப்பிலிருந்தே சென்னைக்கு விமானம் விட்டால் இந்த 16 மணித்தியாலப் பேச்சே வராதே?" உண்மை. கல்லடிப் பாலத்தைத் தாண்டி, வாவிக் கரையால் போனால் அரை மணித்தியாலத்தில் நம் விமான நிலையம். 2018 மார்ச்சில் உள்நாட்டுச் சிவில் சேவைக்குத் திறந்தார்கள். பெயரில் 'சர்வதேச' என்ற சொல்லும் ஏறிற்று. இங்கிருந்து சென்னைக்கு ஆகாய வழி 600 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். திருச்சிக்கோ 500 கிலோமீற்றருக்கும் குறைவு.

அந்தச் சேவை வேண்டும் என்று கேட்பதில் நான் முதல் ஆள். ஆனால் யாழ்ப்பாணத்தின் அனுபவத்தை ஒருமுறை பார்ப்போம். 2019 ஒக்டோபர் 17 இல் பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் ஒழுங்காக வரத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா நிறுத்தியது. மீண்டும் தொடங்க 2022 டிசம்பர் ஆயிற்று. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் சேவை தொடங்கினார்கள். ஒரு பெயர்ப்பலகைக்கும் ஓர் ஒழுங்கான நேரசூசிக்கும் இடையில் எத்தனை வருடம் ஓடிற்று என்று எண்ணிப் பாருங்கள். விமானக் கம்பனி பெயரைப் பார்த்து வருவதில்லை. ஆசனம் இரு பக்கமும் நிரம்புமா என்று பார்த்துத்தான் வரும். யாழ்ப்பாணத்தாருக்குச் சென்னையில் உறவும் உண்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளும் உண்டு. நாம் எதைக் காட்டுவோம்?

இன்னொன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு வந்தவை ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்கள். எழுபதுக்குச் சற்று அதிகமான பேர் ஏறலாம். மட்டக்களப்பு ஓடுபாதைக்கும் அந்த வகைதான் பொருந்தும். சிறு விமானத்தில் ஏற்றும் பாரத்துக்கு எல்லை உண்டு. ஆள் நிறைந்தால் பெட்டிக்கு இடம் சுருங்கும். ஆகவே நாளைக்கே நம் ஊருக்கு விமானம் வந்தாலும், ஆறு பெட்டி வியாபாரம் அதில் ஏறாது! நாம் எந்த வியாபாரத்துக்காக விமானம் கேட்கிறோமோ, அந்த வியாபாரத்தை அந்த விமானமே சுமக்காது. இதை நம்மில் பலர் யோசிக்கவில்லை. அதில் ஏறக்கூடியது ஆளும் அவருடைய மாதிரித் துண்டுகளும் பேச்சும்தான்.

அப்படியென்றால் என்ன செய்வது?

சென்ற வருடம் நாங்கள் ஐந்து கடைக்காரர் ஒன்று சேர்ந்தோம். இரண்டு பேர் மட்டும் சென்னைக்கும் அங்கிருந்து திருப்பூர், ஈரோட்டுக்கும் போனார்கள். ஐந்து கடையின் பட்டியலும் கையில். சௌகார்பேட்டையில் நாம் வாங்குவதில் பெரும்பகுதி சூரத்தில் இருந்தும் ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்ததுதானே? உற்பத்தி செய்கிறவர் முன்னால் போய் உட்கார்ந்தால் விலை வேறு. சரக்கு தூத்துக்குடியால் கொழும்புக்குக் கப்பலில் வந்தது. முழுக் கொள்கலன் எடுக்க நமக்கு வசதியில்லை. மற்றவர்களோடு பங்குக்குக் கொள்கலனில் இடம் எடுக்கலாம். கன மீற்றர் கணக்கில் கூலி. கடல் ஓட்டம் கொஞ்சம்தான். பத்திரம், சுங்கம், லொறி எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று கிழமையை ஒதுக்கிவைக்க வேண்டும்.

வரி கட்டினோம். 2024 ஜனவரி முதல் வற் வரி நூற்றுக்கு 18 என்பது எல்லோரும் அறிந்ததே. அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஐந்து டிக்கெட் இரண்டானது. மேலதிக எடைக்குக் காசில்லை. மூன்று கடை ஒருநாளும் பூட்டவில்லை. கணக்கை முடித்தபோது ஒரு துண்டின் அடக்க விலை நாங்கள் பயந்த அளவுக்குக் கூடவில்லை. அதைவிடப் பெரிய விசயம், கையில் பில் இருந்தது. பாடசாலைக்கும் நிறுவனங்களுக்கும் பில்லோடு விற்கலாம். வங்கியில் போய் வியாபாரத்தைக் காட்டலாம். சூட்கேஸ் வியாபாரத்தை எந்த வங்கிக்குக் காட்டுவீர்கள்?

இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. எல்லாப் புடவைக்கும் அதில் சலுகை உண்டு என்று நான் சொல்லவில்லை. விலக்கிவைத்த பொருட்களும் பல உண்டு. சுங்க முகவரிடம் கேட்டறிய வேண்டும். ஆனால் எந்தச் சலுகைக்கும் மூல அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். சூட்கேசுக்கு அந்தப் பத்திரத்தை யார் தருவார்?

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. இந்திய இ-விசாவில் வியாபாரத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கொள்முதலுக்குப் போகிறவர் அதில் போங்கள், சுற்றுலா என்று எழுதிவிட்டுக் கோடவுன் தெருவில் நிற்க வேண்டாம். 5,000 டொலருக்கு மேல் நோட்டாகக் கொண்டுபோனால் இந்தியாவில் இறங்கியதும் அறிவியுங்கள். உண்டியலை நம்பாதீர்கள், வங்கியால் அனுப்புங்கள். யார் தந்தாலும், சொந்த மச்சான் தந்தாலும், உள்ளே என்ன என்று பார்க்காமல் ஒரு பொதியையும் கையில் வாங்காதீர்கள். அடுத்தவன் தங்கத்துக்கு நம் பிள்ளை மறியலில் கிடந்த கதைகள் நம் பகுதிக்குப் புதிதல்ல.

சொல்லப்படும் நியாயங்கள்

பக்கத்துக் கடைக் காக்கா ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் மூன்று நியாயம் சொன்னார். "பெஷன் கிழமைக்குக் கிழமை மாறுது, கப்பல் வரும் வரைக்கும் டிசைன் பழசாகிரும்" என்றார். சரிதான். அதற்காகத்தான் ஆள் பறக்கட்டும் என்கிறேன். டிசைனைக் கண்ணால் பார்த்துத் தெரிவு செய்ய விமானம் வேண்டும். சீசனுக்கு மூன்று மாதம் முன் போகவேண்டும், மூன்று நாள் முன் அல்ல.

"சின்னக் கடைக்காரன் எங்கே போவான்?" என்றார். சின்னக் கடைக்காரனுக்குத்தான் கூட்டு தேவை. பெரிய கடைக்குத் தனியாகக் கொள்கலன் வரும்.

"நம்மாக்கள் கூட்டுச் சேர்ந்தா சண்டையிலதானே முடியும்" என்றார். இதற்குப் பதில் சொல்லச் சற்று யோசித்தேன். உண்மை அதில் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் ஐவரிலும் ஒருவர் பாதியில் முகம் சுழித்தார். தன் சரக்கில் நிறம் மாறிவிட்டது என்று. ஆனால் ஒவ்வொருவர் பட்டியலும் எழுத்தில் இருந்தது. காசு ஏற்றுமுன்னே எண்ணிக் கட்டியாகிவிட்டது. பார்த்தோம், பட்டியலில் அவர் எழுதிய நிறமே வந்திருந்தது. பிரச்சினை தீர்ந்தது. கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைக்கச் சொல்லித்தான் நமக்குக் கட்டளை இருக்கிறது. எழுதாமல் கூட்டுச் சேர்ந்துவிட்டுக் கூட்டையே குறை சொல்வது சரியில்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் கடைகளை எப்படிப் பார்த்தார்கள் என்பது ஒவ்வொரு வியாபாரிக்கும் தெரியும். வாடிக்கையாளர் வராத மாதங்களை நாம் கண்டோம். 2022 இல் டொலர் 203 ரூபாயிலிருந்து இரண்டு மாதத்தில் 360 ஐத் தாண்டியபோது மீண்டும் விழுந்தோம். இரண்டு தடவையும் எழுந்து நின்றவர்களில் பலர் கணக்குச் சுத்தமாக வைத்திருந்தவர்கள். நம்மைப் பற்றி யார் என்ன பேசினாலும், கையில் பில் இருப்பவன் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

ஆகவே நம் வர்த்தக சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் வேண்டும் என்று மகஜர் கொடுக்குமுன், நம் பகுதியிலிருந்து வருடத்துக்கு எத்தனை பேர் வியாபாரத்துக்குப் போகிறார்கள், எத்தனை பேர் வைத்தியத்துக்குப் போகிறார்கள், எந்த மாதத்தில் போகிறார்கள் என்று கடை கடையாக, ஊர் ஊராகக் கணக்கெடுங்கள். முஸ்லிம் ஊர்களோடு நிற்காமல் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடித் தமிழ் வியாபாரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு எல்லோருடைய ஆசனமும் வேண்டும். அந்தக் கணக்கோடு போய்ப் பேசினால் கேட்பார்கள். இன்ஷா அல்லாஹ், ஒருநாள் வாவிக்கு மேலால் அந்த விமானம் எழும்பும். அன்றைக்கு அதில் ஏறத் தகுந்த வியாபாரிகளாக நாம் இருக்கவேண்டும்.

மகன் அன்றிரவு கொப்பியைப் பார்த்து முடித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, "வாப்பா, நாலு கடையில பட்டியல் வாங்கிட்டன். விசாவ வியாபாரத்துக்கே போடுறன்" என்றான்.

அடுத்த கிழமை போகிறான். ஒரே ஒரு பெட்டிதான். அதற்குள் அவன் உடுப்பு மாத்திரம்.